பத்து நிமிடத்தில் பத்து மில்லி

எங்கள் மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் மெஷின்களைப் பழுது பார்க்கும் அக்காவுக்கு ‘ஸ்டாப்வாட்ச்’ என்று பட்டப்பெயர். வைத்தது கூடத்துக்குப் பொறுப்பாளனான நான்தான். மெஷினுக்குள் திரவத்தைத் தள்ளும் பம்ப் சரியாக ஓடுகிறது என்று திரை காட்டினாலும் நம்பமாட்டார். குழாயின் நுனியைக் கழற்றி மெஷரிங் சிலிண்டருக்குள் விட்டு, கையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்துவிடுவார். நிமிடத்துக்கு ஒரு மில்லி என்றால் பத்து நிமிடத்தில் பத்து மில்லி விழ வேண்டும். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வீட்டிலும் இதே கூத்துதான். “கல்யாணத்தன்னிக்கு நான் நாலு நிமிஷம் லேட்டு. இன்னும் சொல்லிக் காட்டுறா” என்று அவர் கணவர் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

கேலி செய்த வாயால்தான் இதையும் சொல்கிறேன்.

ஒரு வாரம் மூன்றாம் மெஷின் எங்களைப் படுத்தி எடுத்தது. காய்ச்சல் மருந்தைச் சோதிக்கும்போது ஆறாவது நிமிடத்தில் திரையில் எழ வேண்டிய கோடு, காலையில் ஒழுங்காக வந்தது. மதியத்துக்குமேல் ஏழரை நிமிடம் கழித்துத்தான் வந்தது. தொடர்ந்து மூன்று நாள் அப்படியே. மருந்தை மெஷின் வழியாகக் கொண்டுபோகும் திரவத்தை சால்வென்ட் என்போம். அதைக் கலந்து வைக்கும் அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர். போன வருடம் ஒருமுறை அளவு மாற்றிக் கலந்து எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொரு தப்பு என்றால் வேலை போய்விடும். எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. கோளாறு கலவையில்தான் என்று முடிவு கட்டி, அவரை நீக்கச் சொல்லிக் கடிதம் அடித்து மேசையில் வைத்துவிட்டேன். ஐந்து மணிக்கு அது மேலே போக வேண்டும்.

அன்று காலை பத்து மணிக்கு அக்கா வந்தார். சால்வென்ட் புட்டிக்குள் கிடக்கும் வடிகட்டியை எடுத்துக் கழுவினார். பம்பின் வால்வைக் கழற்றித் துடைத்தார். புட்டியை நிரப்பி மூடி, ஸ்டாப்வாட்சை அமுக்கினார். பத்து நிமிடத்தில் சரியாகப் பத்து மில்லி.

“பாத்தீங்களா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆள்தான் சரியில்ல” என்றேன்.

“கலவ தப்புன்னா காலையிலயே தப்பா வந்திருக்கணும் சார். மத்தியானம் வரைக்கும் ஓடட்டும்.”

“அதுவரைக்கும் இங்கயே உக்காரப் போறீங்களா?”

“உக்காந்துதான் பழக்கமாச்சே.”

உட்கார்ந்தார். மணிக்கு ஒருமுறை அளந்தார். ஒன்பதரை மில்லி. ஒன்பது. எட்டரை. இரண்டு மணிக்கு எட்டு. என்னைக் கூப்பிட்டு, புட்டியின் மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மறுபடி அளந்தார். பத்து.

திரவம் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கென்று மூடியில் ஓர் ஊசித்துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் புட்டி திரவத்தை விடாது, பம்ப் திணறும். காலையில் புட்டியை நிரப்பத் திறக்கும்போது காற்று புகுந்துவிடுவதால், மதியம் வரை எல்லாம் சுபம்.

அக்கா மூடியை வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் சுரண்டினார். நிறமே இல்லாத டேப் ஒன்று உரிந்து வந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

அதைக் கசக்கிக் குப்பையில் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. தினமும் அந்தப் புட்டியைத் தொடுகிறவர் கலவை அண்ணன்தான். பழி நேராக அவர் தலையில் போய் விழுந்திருக்கும்.

“இது நான் ஒட்டினது சார். போன வாரம் பக்கத்து ரூம்ல சுவர இடிச்சாங்கல்ல, தூசி போகக் கூடாதுன்னு ஒட்டினேன். எடுக்க மறந்துட்டேன்.”

சொன்னதோடு விடவில்லை. மெஷின் பதிவேட்டைத் திறந்து, டேப்பை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி, ‘துளையை அடைத்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என் மேசையைக் காட்டினார்.

“அந்தக் கடிதத்துல பேர மட்டும் மாத்திக்கங்க.”

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கலவை அறைக்குப் போனேன். கடித விஷயத்தை யாரோ முன்பே அவர் காதில் போட்டிருக்க வேண்டும். அண்ணன் அலமாரியைக் காலி செய்து பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். “உங்க மேல தப்பில்லண்ணே, அவசரப்பட்டது நான்தான்” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா பதிவேட்டில் தன் தப்பை எழுத அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வாய் திறக்கப் பத்து நிமிடம் ஆனது.