திசைமானிக்கு ஆகாத எலுமிச்சை

கூடுவாஞ்சேரி தாண்டி, ஏரிக்கரை டீக்கடையில் பைக்கை நிறுத்துகிறேன். இங்கே ட்ரோன் பறக்கவிடத் தடையில்லை. கடைசியாக அது பறந்தது மதுரையில். இவ்வளவு தூரம் வந்துவிட்டால் திசைமானியைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். இரும்பு பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதால் வெறும் மண்ணில் தள்ளி நின்று, ட்ரோனைக் கையில் ஏந்தி ஒரு சுற்று, அதன் மூக்கைக் கீழே சாய்த்து இன்னொரு சுற்று சுற்றுகிறேன். திசைமானி சரி என்று போனில் பச்சை வருகிறது.

அதைத் தரையில் வைத்துவிட்டு, தொப்பியை எடுக்கப் பைக்குக்குப் போய்த் திரும்பினால் சிவப்பு. ட்ரோனின் காலில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்த கம்பி தொங்குகிறது.

“அமாவாசை சார். எங்க வண்டிக்குக் கட்டிக்கினு இருந்தேன், இதுக்கும் ஒண்ணு கட்டிட்டேன்” என்கிறார் டீக்கடை அக்கா.

“கம்பிதான்க்கா பிரச்சனை. பக்கத்துல இரும்பு இருந்தா இதுக்கு திசை தெரியாது.”

அவர் அதைக் கழற்றி என் தோள்பையில் மாட்டுகிறார். “மேல போறத யாரு பாக்கப் போறா? கீழ நிக்கற உங்களத்தான் பாப்பாங்க.”

பையோடு நான் நன்றாகப் பின்வாங்கியதும் பச்சை திரும்புகிறது. மறுபடி சுற்ற வேண்டியதில்லை. ட்ரோன் ஏரிக்கு மேலே ஏறுகிறது. டீக்கடையில் இருக்கும் அத்தனை பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.