சுண்ணாம்புக் குழிக்குள் பகல் தூக்கம்

முதல் தடவை அலறி எழுந்தபோது பகல் இரண்டு மணி இருக்கும். தாராவியில் எங்கள் கோலியின் (ஒற்றை அறை வீட்டுக்கு இங்கே அதுதான் பெயர்) தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. வாய் முழுக்கச் சுண்ணாம்பு இருப்பதுபோல் இருந்தது. துப்பினேன். வெறும் எச்சில். தலைமாட்டில் அக்கா பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை.

அது யுத்த காலம். ராணுவத்துக்குப் பூட்ஸ் வேண்டுமென்று தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் பட்டறையில்) இரவும் பகலும் வேலை நடந்தது. அத்தானுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு ராத்திரி ஷிப்ட். அவர் எழுந்த பாயில் நான் படுப்பேன். ஆகவே என் கெட்ட கனவுகள் எல்லாம் பட்டப்பகலில் வந்தவை. என்னைப் போலப் பகலில் தூங்கி, பயந்து விழிக்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்புத் தாண்டாதவன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஓர் இடத்தில் தங்குகிற ஆள் இல்லை நான். தூத்துக்குடி உப்பளம், கொழும்புத் துறைமுகம், பெல்லாரிப் பக்கம் ரயில் பாதை வேலை என்று அலைந்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த ஆறாம் மாதம் இசக்கி விழுந்தான்.

இசக்கி என்னோடு சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவன். ரோமம் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடும் குழி அது. விடியும் நேரம் கால் வழுக்கி உள்ளே போனான். கிண்டுகிற மூங்கில் கம்பு எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தது. என் கையில் இருந்ததோ ஓர் ஈரத் தோல். அதைத்தான் நீட்டினேன். அவன் பிடித்தான். வழுக்கியது. மறுபடி பிடித்தான். கம்பை எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடி வருவதற்குள் நிறைய விழுங்கிவிட்டான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

கனவில் குழிக்குள் நான் இருப்பேன். மேலே யாரோ தோலை நீட்டுவார்கள். பிடிக்கப் போனால் அது என் மூக்கையும் வாயையும் மூடும். முகத்தைத் திருப்பினால் அந்தப் பக்கமும் வரும். பச்சைத் தோல் வாசம் தலைக்குள் ஏறும். அது விலகும்வரை எழுந்திருக்க முடியாது.

வாரத்தில் நாலு நாள் வந்தது. பக்கத்துக் கோலிச் சண்முகம், "மத்தியானக் கச்சேரி தொடங்கியாச்சு போல" என்பான். அவனும் ராத்திரி ஷிப்ட்தான். அவன் தூக்கமும் கெட்டது, பாவம்.

பேச்சு ஷாப் வரைக்கும் போய்விட்டது. முக்காதம் (மேஸ்திரி) என்னைக் கூப்பிட்டு, "ஒனக்குக் காக்கா வலிப்பாம்லா. குழியோரம் நிப்பாட்டி இன்னொருத்தனத் தூக்கச் சொல்லுதியா? வலிப்பு இல்லன்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கி சிட்டி கொண்டா. அப்புறம் பேசுவோம்" என்றார்.

சந்து முனையில் ஒரு கம்பவுண்டர் வலிப்புதான் என்று முடிவுகட்டிப் புரோமைடு (நரம்பை மந்தமாக்கும் உப்பு மருந்து) கலந்து கொடுத்தார். இரண்டு வாரம் குடித்தேன். நாக்கு தடித்தது, நடை தள்ளாடியது. கனவு மட்டும் மந்தமாகவில்லை.

இடம்தான் சரியில்லை என்று தோன்றியது. எனக்கு எப்போதும் முதலில் தோன்றுவது அதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூனாப் பக்கம் ரோடு வேலைக்குப் போனேன். அக்கா தடுக்கவில்லை. "போறதுன்னா போ. கோவிச்சுக்கிட்டுப் போவாத" என்றாள்.

பூனாவிலும் கனவு வந்தது. ஆனால் சுருக்கமாக வந்தது. குழியில் விழுவேன், பதறி எழுவேன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு புரண்டு படுப்பேன். தோல் முகத்துக்கு வராது. அக்கா வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டேன். மழை பிடித்து ரோடு வேலை நின்றதும் வேறு போக்கில்லாமல் திரும்பினேன். வந்த மறுநாளே தோல் முகத்தில் வந்து விழுந்தது.

"சிட்டி கிடைக்கலன்னா கொழும்புக்கே போயிருதேன்" என்றேன். அக்கா சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டு டாக்டர் இருந்தார். அவர் தர்ம ஆஸ்பத்திரியின் நடையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் என் நாக்கைப் பார்த்தார். "கடிச்சுண்டிருக்கியா எப்பவாவது?"

"இல்லீங்கய்யா."

"துணி நனைஞ்சுடுமோ?"

"இல்ல."

"வரும்போது என்ன ஆறதுன்னு ஞாபகம் இருக்கா?"

சொன்னேன். இசக்கி, குழி, தோல், வாசம், பூனா எல்லாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"வலிப்பு வந்தவனுக்கு இத்தனை ஞாபகம் இருக்காதப்பா. நீ கதையா சொல்றே. இது கனவு. பூனாவிலே ஏன் சீக்கிரம் முழிச்சுண்டே? அங்கே உன்னை யார் எழுப்பினா?"

"யாரும் எழுப்பல."

"இங்கே?"

அக்கா முன்னால் வந்தாள். "நாந்தான்யா பாத்துக்கிடுதேன். இவன் கத்த ஆரம்பிச்சதும் செருப்ப மூக்குல காட்டுவேன். செத்த நேரத்துல அடங்கிருவான். வலிப்புக்கு அதானய்யா கைகண்டது?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "என்ன செருப்பு?"

"எங்க வீட்டுக்காரர் செருப்பு. ஷாப்புல விழுந்த துண்டுத் தோல்ல அவுகளே தைச்சது. நல்ல வாசம் இருக்கும்."

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த கை நினைவுக்கு வந்தது. நாலு மாதமாகக் குழிக்குள் கிடந்த எனக்கு என் அக்காவே தோலை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். முகத்தைத் திருப்பினால் வலிப்பு முறுக்குகிறது என்று இன்னும் அழுத்திப் பிடித்திருக்கிறாள். நான் இசக்கிக்குச் செய்ததும் அதுதான். கையில் இருந்ததை நீட்டினேன்.

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ நல்லது நினைச்சுத்தான் பண்ணினே" என்றார் டாக்டர். "இனிமே தொடாதே. எட்ட நின்னு கூப்பிடு. எங்கே இருக்கான், என்ன வேளைன்னு சொல்லு. எழுந்ததும் கைக்கு ஒரு வேலை கொடு." புரோமைடை இனித் தொடவேண்டாம் என்றார். சிட்டியில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பாதி வழியில் அக்கா நின்றாள். பிறகு, "கொழும்புக்குப் போறதுன்னா இப்பவே சொல்லிரு" என்றாள்.

"சிட்டிதான் கெடச்சிட்டே" என்றேன்.

அன்று முதல் நான் தூங்கும் நேரத்தில் அக்கா வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அங்கிருந்தே குரல் கொடுப்பாள். "பகல்தாம்ல. தாராவிதான். மணி ரெண்டு. நான் எட்டத்தான் இருக்கேன்." முதலில் சொல்லும்போது அவள் குரல் நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கேட்டே சில நாள் விழித்திருக்கிறேன். கண் திறந்ததும் சுளகில் (முறத்தில்) ரேஷன் அரிசியைத் தள்ளிவிடுவாள். கல் பொறுக்குவேன். ரேஷன் அரிசியில் கல்லுக்கா பஞ்சம்? ஒவ்வொன்றாக எடுத்துப் போடப் போட விரல்களுக்கு உணர்வு வரும், அப்புறம் முழங்கைக்கு, அப்புறம் மூச்சுக்கு. கால் படி முடிவதற்குள் பசி எடுத்துவிடும். பசித்தால் நான் வெளியே வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

செருப்பை அத்தான் சந்து முனைச் சாக்கடையில் போட்டுவிட்டு ஒரு மாதம் வெறுங்காலோடு வேலைக்குப் போனார். "காத்தோட்டமா இருக்கு" என்றார்.

சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. பெட்டி இன்னும் பரண்மேல் தயாராகத்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துத் தூசி தட்டுவேன், மறுபடி உள்ளே தள்ளுவேன். எனக்கு இப்போது நாள் என்பது ஆலைச் சங்கு ஊதி ஆரம்பிப்பதில்லை. விழித்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அது சில நாள் பதினொரு மணி, சில நாள் மூன்று.

குழி வேலைக்கு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். குழியோரம் இரண்டு ஆணி அடித்து ஒரு கம்பைப் படுக்கவைத்திருக்கிறேன். ஷிப்ட் தொடங்கும்போது தோலைத் தொடுவதற்கு முன்னால் என் கை தானாக அந்தக் கம்புக்குப் போகிறது. நான் அனுப்புவதில்லை.

கனவு மாதத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது. இப்போதெல்லாம் சில சமயம் நான் கரையில் நிற்கிறேன். இசக்கி உள்ளே இருக்கிறான். கம்பைத் தேடுகிறேன். இன்னும் ஒரு தடவைகூட அது கைக்குக் கிடைக்கவில்லை. அதற்குள் வாசலிலிருந்து கேட்டுவிடுகிறது, பகல்தாம்ல.