சிறந்த நடிகை, தாராவி

இதையெல்லாம் கேட்டு என்ன ஆகப்போகிறது உங்களுக்கு? விடமாட்டீர்கள், சொல்கிறேன்.

தாராவி நாடகங்களில் பெண் வேடம் என் வீட்டுக்காரருக்குத்தான். மாட்டுங்கா தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் அவருடைய மேடைப்பெயரைச் சொல்லி, ‘சிறந்த நடிகை’ பரிசுக்கு அழைத்தார்கள். நடித்தது ஆண் என்று நடுவர்களுக்குத் தெரியாது.

பக்கத்தில் இருந்தவர் என் காதில் கிசுகிசுத்தார். “நாடகம் முடிஞ்சு ஒரு மாசத்துல மீசை வேற வளந்துட்டு. ஆம்பளைன்னு தெரிஞ்சா பரிசப் புடுங்கிருவாவட்டி!”

மறுபடி அழைத்தார்கள். போகாவிட்டால் பரிசு வேறு யாருக்கோ. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்துபோய்க் கோப்பையை நானே வாங்கிவிட்டேன்.

“அந்த அழுகை பிரமாதம்மா” என்றார் தலைவர். கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

வழியெல்லாம் அவர் கோப்பையைச் சட்டைக்குள் அணைத்தபடியே நடந்தார். அதைப் பார்த்தபின் நான் செய்தது தப்பென்று தோன்றவேயில்லை.

“கோப்பை ஒனக்கா, அவருக்கா?” என்றார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள்.

“அவரு ஒருநாள் மேடையில அழுதாரு. நான் மாமியார் முன்னால தெனமும் சிரிக்கேன். எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்கட்டி!”