செந்தூரில் கொடுத்த முடி

நான் சாமிக்கு முடி கொடுக்கவில்லை. என் வழுக்கையை மறைப்பதற்காக மொட்டை அடித்தேன். பெற்ற தாய்க்காக நேர்ந்துகொண்டதாக ஊரை நம்பவைத்தேன். பத்து வருடங்களாக யாரிடமும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அன்றைக்கு எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது...

எழுபத்தாறாம் வருடம். எனக்கு இருபத்தொன்பது வயது. சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். அங்கே ஆளுயரக் கண்ணாடிகள் நாலு. பெண்கள் சேலையைத் தோளில் போட்டு அழகு பார்ப்பார்கள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான் நிற்பேன். நாள் முழுக்க என் மூஞ்சியை நானே பார்க்க வேண்டிய வேலை. ஆளுயரக் கண்ணாடியை எந்தப் பாவி கண்டுபிடித்தானோ!

காலையில் இடப்பக்கத்து முடியை எண்ணெய் தடவி வலப்பக்கம் இழுத்து ஒட்டிவைப்பேன். பத்து மணிக்கு மின்விசிறியைப் போடுவார்கள். அத்தோடு சரி, மொத்தமும் எழுந்து நின்றுகொள்ளும். போதாததற்குத் தொப்பை வேறு. இருபத்தைந்து வயதுவரை எங்கே இருந்தது அது? யாரைக் கேட்டுக்கொண்டு வந்தது?

ஒரு நாள் கரண்டு போய்விட்டது. கடை முதலாளி அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே சொன்னார்.

"வே, கொஞ்சம் இங்கன வந்து நில்லும். உம்ம தலை வெளிச்சத்துல ரெண்டு சேலை வித்துரலாம்."

வாடிக்கையாளர் முதல் கூட்டிப் பெருக்குகிறவள் வரை சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே எரிந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் தலையில் முடி இருந்ததா என்று கேட்காதீர்கள். அவருக்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். இனி அவருக்கு முடி எதற்கு?

எனக்குத்தான் வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாவதாக வந்த பெண்ணின் தாய்மாமன், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தன் மச்சானிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இவரு பொண்ணு கட்டப்போற மாப்பிள்ளையா, பொண்ணு குடுக்கப்போற மாமனாரா?"

அந்த ஆளை இன்றைக்கு நினைத்தாலும் கை துறுதுறுக்கிறது.

மூன்றாவது இடம் சிவகிரி. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை நான் திருச்செந்தூருக்கு பஸ் ஏறினேன். மொட்டைத் தலையில் வழுக்கை எது, வழித்தது எது என்று எவன் கண்டான்? நாழிக் கிணற்றில் குளித்து, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்கு முந்தைய மாதம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லியில் குணமாகியிருந்தது. அதையே சாக்காக எடுத்துக்கொண்டேன்.

"ஒனக்காக நேர்ந்திருந்தேம்மா."

அம்மா என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்லியிருக்க வேண்டாமா அப்போதே? நானோ, சந்தனம் கலைந்துவிடுமே என்று தலையை விடுவித்துக்கொண்டேன்... வெட்கங்கெட்டவன்!

சிவகிரிக்காரர்களிடம் அம்மாவே எல்லாம் சொன்னாள். பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாய்க்குத் தலையக் குடுத்த பையன், எம் மகளையா கைவிடப்போறான்" என்றார். அவ்வளவுதான். மூன்றாம் மாதம் கல்யாணம். தலைப்பாகை கட்டிக்கொண்டு செண்பகத்தின் கழுத்தில் தாலி கட்டினேன்.

அதன்பிறகு உச்சந்தலையில் முடி முளைக்கவே இல்லை. எங்கள் ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்று வாய் கூசாமல் சொன்னேன். செண்பகம் கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சித் தினமும் தேய்த்துவிட்டாள். வருடம் இரண்டான பிறகு ஒரு நாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"முளைக்காட்டா போகட்டும். பெத்த தாய்க்காகப் போன முடிதான. எனக்கு இதுவே அழகாத்தான் இருக்கு."

அவளுக்கு என் வழுக்கை ஒரு பொருட்டே இல்லை. கேட்டீர்களா? எதற்காக அத்தனை பொய்யும் சொன்னேனோ, அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை! அன்றைக்காவது வாயைத் திறந்தேனா? இல்லை. அவள் கண்ணில் நான் இருந்த அந்த உயரத்திலிருந்து இறங்க எனக்கு மனமில்லை.

வருடங்கள் போயின. அவளுக்கும் முப்பது நெருங்கியது. இரண்டு பிரசவத்தில் உடம்பு பெருத்துவிட்டது. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். கன்னத்தில் மங்கு விழுந்தது. ஒரு காலை வேளை கண்ணாடி முன்னால் நின்று பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் அது.

"எல்லாம் போயிட்டு. எங்கிட்ட மிச்சம் இருக்கது இது ஒண்ணுதான்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கை பின்னலை விடவில்லை.

அந்த வருடம் அம்மாவுக்கு மறுபடியும் ஈரல் கெட்டது. இந்த முறை கீழாநெல்லி கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலாம் நாள் செண்பகம் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"அன்னைக்கு நீங்க குடுத்திய, அத்தை பொழைச்சாவ. இப்ப நான் குடுக்கேன். நாளைக்கே செந்தூருக்குப் போயிட்டு வந்துருவோம்."

'வேண்டாம் செண்பகம், நான் கொடுத்தது வேறு எதற்கோ' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர்வரை முழுப் பயணம் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கத்தி வைத்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடி மடியில் விழுந்தது, தரையில் விழுந்தது... நான் அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். கடைசிவரை பக்கத்துக் கட்டில்காரிகளிடம், "எம் மகன் எனக்காக முடி குடுத்தவன், இப்ப மருமகளும் குடுத்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் செண்பகத்தின் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேரையும் அடித்து விரட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அடி வாங்க வேண்டியவன் நானல்லவா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபிறகு அவள் என்னிடம் கேட்டாள்.

"உங்க முடிய எடுத்துக்கிட்ட சாமி, எங்கிட்ட ஏன் அத்தையத் தரல?"

நான் அம்மா படத்துக்கு முன்னால் விளக்குத் திரியைத் தூண்டினேன்.

"கத்தி வைக்கும்போது, ஐயோ முடி போகுதேன்னு ஒரு நிமிசம் மனசு கலங்கிட்டு. உங்கள மாதிரி முழு மனசா நான் குடுக்கல. அதனாலதான் இருக்கும், இல்லியா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம், ஆட்டினேன்! மறுத்திருக்கலாம். 'அப்படியெல்லாம் இல்லை' என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வழுக்கைத் தலையை, எந்தத் தலைக்காக எல்லாம் செய்தேனோ அதே தலையை, ஆமாம் என்று ஆட்டிவிட்டு எழுந்து போனேன்.

மூன்று வருடம் ஆகிறது. அவளுக்கு முடி தோள்வரை வளர்ந்திருக்கிறது. அதற்குமேல் வளர விடுவதில்லை, வெட்டிவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், "அதுமேல ஆச வச்சதுக்குத்தான் அத்தை போனாவ" என்கிறாள். நான் கேட்பதை விட்டுவிட்டேன். தட்டில் சோறு வைக்கிறாள், சாப்பிடுகிறேன்.