ஆஸ்பெஸ்டாஸ் ஹாலில் ஒரு மாநாடு

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி. கோடை விடுமுறையில் மாநாடுகளுக்கு அங்கே ஹால் ஒதுக்குவது என் வேலை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம், கரும்பு விவசாயிகள் மாநாட்டுக்கு இடம் கேட்டு ஒருவர் வந்தார். முன்பு நான் பெண் கேட்டுப் போனபோது, "காலேஜில சேர் தூக்கிப் போடறவனுக்கா எம் பொண்ணு?" என்று ஊர் சிரிக்கப் பேசியவர். இப்போது அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. அது இன்னும் எரிந்தது.

ஃபேன் ஓடும் பெரிய ஹால் காலியாகத்தான் இருந்தது. "அது வேற பார்ட்டிக்குப் பூடுச்சுங்க" என்று சொல்லி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹாலை அவர் தலையில் கட்டினேன்.

மாநாட்டன்று மத்தியானம், அவர் வேகிற அழகைப் பார்க்கப் போனேன். போராட்டக்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். பூட்டிக் கிடந்த பெரிய ஹாலைக் காட்டி அவர் வருத்தப்பட்டார்.

"பாவம், அந்தப் பார்ட்டியும் மறியல்ல மாட்டிக்கினாங்க போல. சோறு ஜாஸ்தியா கெடக்குது. உக்காந்து சாப்புடுங்க தம்பி."

என் பொய்யை அவரே காப்பாற்றிவிட்டார். இலை முன்னால் உட்கார்ந்தேன். வியர்வை சோற்றில் சொட்டியது. அவர் தன் துண்டால் எனக்கு விசிறினார். பெரிய ஹாலைத் திறந்துவிட இனி ஒரு தடையும் இல்லை. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

நான் இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.

எனக்குப் பெண் கொடுக்காமல் அந்த மனுஷர் சரியாகத்தான் செய்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.