முதுகில் ஒரு மச்சம்

காலை 6.15. திருப்பதிக்கு வெளியே, ரேணிகுண்டா தாண்டி புத்தூர் சாலையில் இருக்கும் தொழுநோயாளர் இல்லத்திலிருந்து பிச்சாட்டூருக்குக் கிளம்பினோம். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வண்டியில் மூன்று பேர்: ஓட்டுநர் மஸ்தான், இல்லத்தின் சுகாதாரப் பணியாளர் சுகுணா, நான். நான் மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவள். காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஆறு வாரத் தொண்டுக்கு வந்து அன்றோடு மூன்று வாரம் ஆகியிருந்தது. புறப்படுவதற்கு முன் அலுவலகத்தில் எனக்காக கேக் வெட்டினார்கள். தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்யப் போகிறவளுக்குச் சாக்லேட் கேக். நானும் ஏதோ தியாகம் செய்யப் போகிற முகத்தோடு இரண்டு துண்டு சாப்பிட்டேன். அந்தத் திமிரைப் பற்றியும் இதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி, நாற்பது ரூபாய். காரச் சட்னியை நாக்கில் வைத்ததும் காது அடைத்துக்கொண்டது. மஸ்தான் சிரிக்காமல் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். நாராயணவனம் தாண்டியபின் சாலையின் இரு பக்கமும் மாந்தோப்புகள். பிச்சாட்டூர் அணை நிரம்பியிருந்தது. ஊருக்குள் நுழையும்போது கடைப் பலகைகள் தெலுங்கில் இருக்க, கடைக்குள் பேச்சு தமிழில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரே உற்சாகம். மூன்று வாரமாக வெளியிடங்களில் தெலுங்கில் தலையாட்டிக்கொண்டிருந்தவள் அன்றுதான் வாய் திறக்கப் போகிறேன்.

காலை 8.30. பள்ளியில் குழந்தைகளின் தோலைப் பரிசோதிக்கும் முகாம். முறை எளிது. குழந்தை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நாம் பேனா முனையால் தோலைத் தொடுவோம். தொட்ட இடத்தை அது சொல்ல வேண்டும். நிறம் மங்கிய ஒரு திட்டில் மட்டும் தொட்டது தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புவோம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சில மாதங்களுக்கு இலவச மாத்திரை, அவ்வளவுதான். விட்டுவிட்டால் நரம்பு கெடும், விரல் மடங்கும், சுட்டாலும் தெரியாது. மறைப்புக்குப் பின்னால் சுகுணா பெண் குழந்தைகளைப் பார்த்தார். வாசலில் உட்கார்ந்து தமிழ் வகுப்புக் குழந்தைகளிடம் கேள்வி கேட்டுத் தாளில் டிக் போட்டு உள்ளே அனுப்புவது என் வேலை. "நீ தமிழ்தானே, உனக்கு ஈஸி" என்று சொல்லித்தான் சுகுணா என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

காலை 11.20. சீருடை போடாத ஒரு பெண் என் மேசையருகே வந்து நின்றாள். கீர்த்தனா, ஒன்பது வயது. அவளுடைய அப்பா பள்ளிமாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். குடும்பத்தோடு வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார்களாம். அவள் வரிசையில் நிற்கவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவள். நான்தான் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உடம்புல எங்கயாச்சும் நிறம் மாறியிருக்காம்மா? வெளுத்தாப்பல?"

"முதுவுல மச்சம் கீது."

"மச்சமா? அப்போ நீ மச்சக்காரி. அதிர்ஷ்டம்லா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குள் அப்பா வராந்தாவிலிருந்து கூப்பிட்டார். எறும்பு பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே ஓடினாள். நான் காதில் வாங்கவில்லை. "நைனா, நான் மச்சக்காரியாம்" என்று அவள் கத்தியது மட்டும் கேட்டது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

பிற்பகல் 2.40. இல்லத்துக்குத் திரும்பியிருந்தேன். சுகுணா ஒரு கூட்டத்துக்காகப் புத்தூரில் இறங்கிக்கொண்டார். பிற்பகலில் எனக்குக் கால் புண்களுக்குக் கட்டுப் போடும் வேலை. வசந்தம்மாவின் வலது காலைத் தண்ணீரில் ஊற வைத்திருந்தேன். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், நாகலாபுரத்துப் பக்கம். இரண்டு கையிலும் விரல்கள் உள்ளே மடங்கியவை; வாய் மட்டும் யாருக்கும் மடங்காது. என்னை 'மலேசியா' என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா மலேசியா, கட்டு போட்றியா, கோலம் போட்றியா?"

பேச்சை மாற்றக் காலையில் நடந்ததைச் சொன்னேன். தேமல் இருக்கிறதா என்று கேட்டால் மச்சம் இருக்கிறது என்கிறாள் ஒரு பொண்ணு என்று சிரித்தேன். வசந்தம்மா சிரிக்கவில்லை. காலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தார்.

"நீ பாத்தியா அத்த?"

"மச்சத்தை என்ன பார்க்கிறது?"

"அடிப்பாவி. எங்க பக்கம் மச்சம்னா கருப்புப் புள்ளி மட்டும் இல்ல. தெலுங்குல 'மச்ச'ன்னா திட்டு, கறை. அதயும் மச்சம்னுதான் சொல்லுவோம். எனக்கும் மச்சம்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க." இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "வேற இன்னா சொல்லிச்சி அந்தப் பொண்ணு?"

அப்போதுதான் எறும்பு ஞாபகம் வந்தது. ஓடிக்கொண்டே அவள் சொன்னது முழுதாகக் காதில் விழுந்தது: "அங்க எறும்பு கட்ச்சாக்கூட எனக்குத் தெரியாது." பெருமையாகத்தான் சொன்னாள்.

இல்லத்தில் தந்த அரை நாள் பயிற்சியில் சொல்லித்தந்ததே, உணர்வில்லாத தோலைத் தேடு என்ற இந்த ஒரு விஷயம்தான். என் தமிழின் மீது இருந்த பெருமையில் அதைக் கோட்டை விட்டேன்.

சுகுணாவுக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைமை ஆசிரியரிடம் விசாரித்துப் பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். குடும்பம் மதியமே பஸ் ஏறிவிட்டது. சூளூர்பேட்டையில் மாலை 5.40 ரயில். கோதாவரிப் பக்கம் இறால் குட்டைக்குக் காவல் வேலை. எந்த ஊர், யாருடைய குட்டை என்பது ரயிலில் கூட்டிப்போகும் மேஸ்திரிக்குத்தான் தெரியும். ஏறிவிட்டால் அந்தக் குழந்தையை எங்கே தேடுவது?

"அப்பா நம்பர் அனுப்பறேன். போன்ல வியாதி பேரை எடுக்காதே. டாக்டர் பாக்காம நாம எதுவும் சொல்லக் கூடாது. பொண்ணை நாளைக்குக் காலைல டாக்டர் முன்னாடி நிறுத்து, போதும்" என்றார் சுகுணா.

கூப்பிட்டேன். அப்பாவின் பெயர் சுப்பிரமணி.

"மேடம், டிசி வாங்கிட்டோம். எல்லாம் கரெக்டா கீது."

"அது இல்லண்ணே. பாப்பாவுக்கு ஒரு சின்ன செக்கப் பாக்கி."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல, மச்சக்காரின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டார். அடுத்த முறை போன் அணைக்கப்பட்டிருந்தது.

பிற்பகல் 3.15. காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகச் சூளூர்பேட்டை ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் என்றார் மஸ்தான். வசந்தம்மா பாதி கட்டிய கட்டோடு வண்டியருகே வந்து நின்றார்.

"நானும் வர்றேன்."

நான் வண்டிக் கதவைத் திறந்துவிடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் கையைப் பார்த்தால் அந்த அப்பா பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார் என்று பயந்தேன். மூன்று வாரம் அந்தக் கைகளைக் கழுவியவள் நினைத்த நினைப்பு அது. வசந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "கைய முந்தானைக்குள்ள வச்சிக்கிறேன். வண்டிய எடு" என்று ஏறி உட்கார்ந்தார்.

காளஹஸ்தி வரை சாலை நன்றாக இருந்தது. அங்கே கோயில் கூட்டம் இருபது நிமிடத்தை விழுங்கியது. மஸ்தான் எதைக் கேட்டாலும் "அரகண்டலோ போயிரலாம் மேடம்" என்றார். அந்த அரை மணி நேரம் குறையவே இல்லை. மாலை 4.35-க்கு நாயுடுபேட்டைச் சந்திப்பில் சரக்கு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எந்த லாரியை என்றில்லாமல் திட்டினேன். வசந்தம்மா வழி முழுக்கக் கைகளை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் பதற்றமாக இருந்தது. சென்னை நெடுஞ்சாலையில் ஏறியபோது மணி 4.58. அதன்பின் மஸ்தான் ஓட்டிய வேகத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மாலை 5.24. சூளூர்பேட்டை நிலையம். பிளாட்பார டிக்கெட் பத்து ரூபாய், இரண்டு வாங்கினேன். வடக்கே போகும் ரயில் அடுத்த நடைமேடையில் வரும் என்றார்கள். மேம்பாலப் படிகளில் வசந்தம்மா என் பின்னாலேயே ஏறி வந்தார். தண்ணீர்க் குழாயருகே மூட்டைகள், ஒரு அடுப்பு, ஒரு வாளி. வாளிமேல் கீர்த்தனா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கை ஆட்டினாள்.

"நைனா, மச்சம் மேடம் வந்துகீறாங்க."

சுப்பிரமணி எழுந்து நின்றார். "இன்னா மேடம் இது, இவ்ளோ தூரம்? புள்ள இன்னா தப்பு பண்ணா?"

"தப்பு பண்ணது நான்தான் அண்ணே. அவ முதுகை ஒரு நிமிஷம் பார்க்கணும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

அவர் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையை அவிழ்த்து ஒரு போர்வையை எடுத்தார். சுவரோரமாக மறைப்புக் கட்ட வேண்டும். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். இன்னொரு முனையைப் பிடிக்க ஆளில்லை. வசந்தம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, மடங்கிய விரல்களுக்கு நடுவே போர்வையைக் கவ்விப் பிடித்தார்.

சுப்பிரமணி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தள்ளிப் போனார்கள்.

இடது தோள்பட்டைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் வெளுத்த ஒரு திட்டு. கீர்த்தனாவைக் கண்ணை மூடச் சொன்னேன். பேனா முனையால் கழுத்தருகே தொட்டேன். "கழுத்து." இடுப்பில் தொட்டேன். "இடுப்பு." திட்டின் நடுவில் தொட்டேன். அவள் காத்திருந்தாள். இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தித் தொட்டேன்.

"நான் ரெடி மேடம். இன்னும் தொடலயா?"

போர்வைக்கு வெளியே அவளுடைய அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய வியாதியா?" சுப்பிரமணியின் குரல் அடங்கியிருந்தது.

"அதை டாக்டர்தான் சொல்லணும். அப்படியே இருந்தாலும் இதான் ஆரம்பம். மாத்திரை இருக்கு, முழுசா சரியாயிடும். நாளைக்குக் காலைல காட்டணும்."

"மேஸ்திரி வர்ற ரயில்ல முன்னால பெட்டில கீறான். இன்னிக்குப் போவலன்னா வேற ஆளு போட்ருவான்." அவர் மூட்டையில் கை வைத்தார். ரயில் வருவதாகத் தெலுங்கில் அறிவித்தார்கள்.

வசந்தம்மா போர்வையை இறக்கினார். "யப்பா, என்னியப் பாரு. எனக்கு எட்டு வயசுல வந்திச்சி, முட்டில. மச்சம்னு எண்ண தடவுனாங்க. எங்க நைனா கரும்பு வெட்டப் போவசொல்ல என்னியும் இட்டுக்கினு போனாரு. வந்து காட்டிக்கலாம்னாரு. வந்து காட்டசொல்ல வெரலு இப்டி ஆயிடுச்சி. அவரு கெட்டவரு இல்ல."

ரயில் வந்து நின்றது. இரண்டு நிமிடம்தான். அந்த அம்மா அடுப்பையும் வாளியையும் கணவர் பக்கம் தள்ளினார்; பெண்ணின் துணிப்பையை மட்டும் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ போ. நான் புள்ளையக் காட்டிட்டு வர்றேன். நீ இருக்கிற எடத்த மட்டும் போன் பண்ணு."

சுப்பிரமணி ஏறினார். கதவருகே நின்று மகளையே பார்த்துக்கொண்டு போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் தலை குனிந்திருப்பேன்.

படியேறும்போது வசந்தம்மாவின் கட்டு சிவப்பாக நனைந்திருப்பதைப் பார்த்தேன். அவருக்குத் தெரியவில்லை. மஸ்தானைப் போனில் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டோம். கீர்த்தனா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"மேடம், நான் மச்சக்காரின்னு சொன்னீங்களே. பொய்யா?"

"தெரியாம சொல்லிட்டேன்மா. தப்பு என் பேர்லதான்."

வசந்தம்மா படியில் நின்றார். "பொய் இல்லடி. நீ மச்சக்காரிதான். என் பின்னால யாரும் டேசனுக்கு ஓடியாரல."

மறுநாள் காலை அரசு மருத்துவர் பார்த்து உறுதி செய்தார். முதல் மாத்திரையை என் கண் முன்னால் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினாள் கீர்த்தனா. நாலு நாள் கழித்து அம்மாவும் பெண்ணும் கோதாவரிப் பக்கம் போனார்கள். ஊர் பெயரையும் அங்கிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சுகுணா எழுதி வைத்துக்கொண்டார். நான் இல்லத்தை விட்டுக் கிளம்பிய அன்று கேக் எதுவும் இல்லை. "அடுத்த வாட்டி கட்டு போடக் கத்துக்கினு வா" என்றார் வசந்தம்மா.

கிள்ளானுக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. அவளுடைய மகனின் முழங்கைக்கு மேலே கருப்பாக ஒரு புள்ளி வந்திருந்தது. "மச்சம்க்கா, அதிர்ஷ்டம்லா" என்றாள் தங்கை. நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவனைக் கண்ணை மூடச் சொன்னேன். பேனாவை எடுத்துத் தொட்டேன். அவன் சிரித்துக்கொண்டே இடத்தைச் சரியாகக் காட்டினான். அதற்குப் பிறகுதான் அது மச்சம் என்று ஒத்துக்கொண்டேன்.