லீலாபாய் வாசலைத் தாண்டிய வியாழக்கிழமைகள்

இதை டைப் அடிக்கப்போகிற தம்பி முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து ஒரே மாதிரி வராது. சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும், சில எழுத்து கீழே தொங்கும். வயதான காலத்தில் பிடித்த பேனா. ஒரு பக்கம் முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சபைத் தாளில் லீலாபாயைப் பற்றி யார் எழுதுவது என்று போதகர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

அவள் இறந்த செய்தியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே வாசித்தேன். வாசிக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். போகிற வழியில் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் வாசிப்பேன். பலசரக்குக் கடை போர்டு, சலூன் போர்டு, கோவில் கொடை நோட்டீஸ், எதையும் விடமாட்டேன். இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு காலை, டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது, எங்கள் சந்து முனையில் புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தது. 'லீ' என்ற எழுத்து எனக்கு எப்போதும் தகராறு. அதன் சுழி எந்தப் பக்கம் என்று குழம்பிவிடுவேன். அன்று ஒரே பார்வையில் பிடித்துவிட்டேன். லீ, லா, பாய். மனதுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி ஞானம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஐரோலியிலிருந்து லீலாபாயின் மகள் ஷீபா அப்போதுதான் பேசியிருக்கிறாள். ஞானம்மாள் வாயைத் திறப்பதற்குள் தெரியும் என்றேன்.

"யாரு சொன்னா?"

"நானே வாசிச்சேன்."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாராவியில் எங்கள் வீட்டுக்கும் லீலாபாய் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அந்தப் பக்கம் பர்ஸ் தைக்கிற மெஷின் ஓடினால் இந்தப் பக்கம் எங்கள் தம்ளர் ஆடும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அவள் குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி, மலையாளமும் தமிழும் கலந்து கிடக்கிற ஊர். அதனால் அவளிடம் எங்களுக்கு இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் பெசகா அப்பம் சுடுவாள். அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல், ஆவியில் வேகவைத்து, மேலே குருத்தோலையில் சின்னச் சிலுவை வைத்து, வேதம் வாசித்து, ஜெபம் செய்து, பிட்டுக் கொடுப்பாள். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் மட்டும் அப்பம் சுடக்கூடாது. அந்த வீட்டுக்கு மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் பெசகா என்பதைத்தான் நாங்கள் பஸ்கா என்கிறோம்.

பஸ்கா என்றால் என்ன என்று நான் சின்ன வயதிலிருந்து பிரசங்கத்தில் கேட்டதுதான். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர் வீட்டுக்கு ஒரு ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் ரத்தத்தை வாசல் நிலைக்கால்களில் பூசினார்கள். புளிப்பில்லாத அப்பத்தைக் கசப்புக் கீரையோடு அவசரமாகச் சாப்பிட்டார்கள். அன்று ராத்திரி தலைச்சன் பிள்ளைகளை எடுக்க வந்த சாவு, ரத்தம் இருந்த வீட்டைக் கடந்து போனது. விடிந்தால் விடுதலை. நமக்கு அந்த ஆட்டுக்குட்டி கிறிஸ்துதான். அவர் பாடுபடுவதற்கு முந்தின சாயங்காலம் சீஷர்களோடு அந்தப் பந்தியில் உட்கார்ந்து, அப்பத்தைப் பிட்டு, இது என் சரீரம் என்று கொடுத்தார். அதனால்தான் நாம் திருவிருந்து எடுக்கிறோம். நானும் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன், என் தலைச்சன் ஜெபராஜ் போகிற வரைக்கும்.

ஊரடங்கு போட்டார்களே, அந்த நோய் வந்த முதல் வருஷம். ஜெபராஜை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வாசலை வேகமாகக் கடந்து போனார்கள். பெரிய வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முகத்தைக்கூடக் காட்டமாட்டார்கள் என்றார்கள். ஞானம்மாள் போட்ட சத்தம் இன்னும் அந்தத் தகரத்தில் இருக்கிறது. மழை பெய்யும்போது எனக்குக் கேட்கும். நாங்கள் அழுது ஓய்ந்த பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள்கூட இல்லாததுபோல் இருந்தது. மெஷின் இல்லை, பாத்திரம் இல்லை, இருமல்கூட இல்லை. விடிந்ததும் லீலாபாய் வந்து கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை.

மறு வருஷம் அதே வியாழக்கிழமை மறுபடியும் தட்டினாள். அப்போது திறந்தேன். கையில் வாழையிலையால் மூடிய தட்டு. சாவு விழுந்து ஒரு வருஷம் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு அப்பம் என்று கேட்டேன். அவள் உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்று சொன்னாள்.

"அண்ணே, அன்னைக்கு அப்பத்தைப் பிட்டுக் கையில வச்சிருந்தேன். அப்பதான் அக்காவுக்க சத்தம் கேட்டுது. நான் எழும்பினேன். ஷீபாவுக்க அப்பா கையைப் பிடிச்சாரு. விடியிற வரைக்கும் ஒருத்தரும் வாசலை விட்டுப் போவக்கூடாதுன்னு வேதத்தில இருக்குன்னாரு. நானும் இருந்துட்டேன்."

"வேதத்தைக் காட்டிக் கதவைச் சாத்துனியளோ?"

"ஆமாண்ணே."

பயந்துபோனோம், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தோம் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த நாளில் பயப்படாதவர் யார்? அவள் அதைச் சொல்லவில்லை. அந்த அப்பம் தொண்டையில் இறங்கவே இல்லை என்றும் சொல்லவில்லை. அதைப் பின்னால் ஷீபா சொல்லித்தான் எனக்குத் தெரியும். லீலாபாய் சொன்னது வேறு. அதற்குப் பிறகு சுவிசேஷத்தைத் திரும்ப வாசித்தாளாம். கர்த்தரும் பஸ்கா சாப்பிட்டார். ஆனால் விடியும்வரை உள்ளே இருக்கவில்லை. பாட்டுப் பாடிவிட்டு அந்த ராத்திரியே வாசலைத் தாண்டிப் போனார், பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெரிந்தும்.

"பழைய பெசகாவில வெளியே போவக்கூடாது. நம்ம பெசகாவில போவணும். எனக்கு அது பிந்தித்தான் தெரிஞ்சுது, கேட்டேளா?"

எனக்குக் கோபம் வந்தது. உன் வசதிக்கு வேதத்தை மாற்றுகிறாய், அப்படி எங்கேயும் எழுதியிருக்காது என்றேன்.

"அப்ப நீங்களே வாசிச்சுப் பாருங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சுதானே சொல்லுத?"

"தெரிஞ்சுதான் சொல்லுதேன். நாளைக்கு சிலேட்டு வாங்கிட்டு வாறேன்."

வாங்கி வந்தாள். அவளைப் பொய்க்காரி என்று நிரூபிப்பதற்காகத்தான் நான் எழுத்துப் படித்தேன். வேறு எந்த ஆசையும் இல்லை. வாயாடிப் பெண்பிள்ளையிடம் தோற்கக்கூடாது என்பதுதான். ஆனால் முதல் முறை ஒரு முழுச் சொல் என் வாயில் சேர்ந்து வந்தபோது நான் எழுந்து சந்துக்குள் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை. ஞானம்மாள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றாள்.

யாத்திராகமத்தில் அந்தப் பஸ்கா அதிகாரத்துக்கு வந்துசேர வெகுகாலம் பிடித்தது. நான் தோல் மண்டியில் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டுப் பிழைத்தவன். ரத்தம் எனக்குப் பழக்கம். காய்ந்த ரத்தம் கறுத்துவிடும், இருட்டில் நிலைக்காலில் எப்படித் தெரியும் என்று அவளை மடக்கினேன்.

"பாக்கது நீங்களா, கர்த்தரா?" என்றாள் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு நாள் அந்த வசனம் வந்தது. எகிப்தில் சாவில்லாத வீடு ஒன்றுமே இல்லை, பெரிய கூக்குரல் உண்டாயிற்று என்று. பிரசங்கத்தில் எத்தனையோ முறை ஆட்டுக்குட்டியைக் கேட்டிருக்கிறேன். இந்த வசனம் என் காதில் விழுந்ததே இல்லை. வாசித்துவிட்டு நான் விரலை அதிலேயே வைத்திருந்தேன். சாவு ஏன் என் வீட்டைக் கடந்து போகவில்லை என்று அவளிடம் கேட்டேன். வேதம் தெரிந்தவள், ஏதாவது பதில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றாள். மெஷினை நிறுத்திவிட்டு, "ரத்தம் பூசின வீட்டுக்காரனும் அந்தக் கூக்குரலைக் கேட்டிருப்பான். கேட்டுட்டுத்தான் சாப்பிட்டிருப்பான். நான் கேட்டேன்லா," என்றாள்.

அன்று அவள் மெஷின் மறுபடி ஓடவில்லை.

போன வருஷம் சுவிசேஷத்தையும் வாசித்து முடித்துவிட்டேன். அவள் சொன்னது அங்கே இருந்தது. பாட்டுப் பாடினார்கள், ஒலிவ மலைக்குப் புறப்பட்டார்கள். வியாழக்கிழமை அவள் தட்டோடு வந்தபோது, இருக்கிறது, நீ பொய் சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்போ சாப்பிடுங்க என்றாள். நான் தட்டை வாங்கி வைத்தேன். வாயில் போட முடியவில்லை. அந்த அப்பத்தைப் பார்த்தால் அந்தச் சாயங்காலம் எழுந்து வருகிறது. இன்னும் ஒரு வருஷம் போகட்டும் தங்கச்சி என்றேன்.

"அதுக்கென்ன, வார வருஷமும் கொண்டாறேன்," என்றாள்.

ஷீபாவின் அப்பா போன பிறகு தனியாக இருந்தவளை, மழைக்காலம் முடிந்ததும் இருதயம் பலவீனம் என்று ஷீபா ஐரோலிக்குக் கூட்டிப் போனாள். போன பிறகும் பல சாயங்காலம் எனக்கு அவள் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. விரல் முட்டியால் இரண்டு தட்டு, பிறகு ஒரு செருமல். ஞானம்மாளுக்கும் கேட்டிருக்கிறது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், எழுந்து போய்த் திறக்கமாட்டோம்.

இந்த வருஷம் சாவு விழுந்த வீடு ஷீபாவின் வீடு. அங்கே அப்பம் சுடக்கூடாது. ஐரோலியில் அவளுக்கு அக்கம்பக்கம் எல்லாம் மராத்திக்காரர்கள். யார் கொண்டுபோவார்கள் என்று நான் கேட்கவில்லை, ஞானம்மாளும் கேட்கவில்லை. புதன்கிழமை அவள் அரிசியும் உளுந்தும் வாங்கி வந்தாள். மறுநாள் அரைத்ததும் பழக்கதோஷத்தில் மாவைப் புளிக்க மூடி வைத்துவிட்டாள். நான் சத்தம் போட்டதும் ஓடிப்போய் எடுத்தாள்.

"புளிக்காட்டி கல்லு மாதிரிலா இருக்கும்? சாப்பிட்டுப் பல்லு போனா என்னைச் சொல்லக்கூடாது," என்றாள்.

டப்பாவில் வைத்துத் துணி கட்டி, சயான் போய், பஸ் பிடித்து, நெரிசலில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தோம். ஷீபா கதவைத் திறந்து டப்பாவைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளே லீலாபாயின் கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

மேஜையில் அவளுடைய வேதப்புத்தகம். யார் வாசிப்பது என்று பார்த்தால் ஷீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தமிழ் வாசிக்க வராது மாமா. ஸ்கூல்ல இந்தி, இங்கிலீஷ்தானே. மம்மிதான் எப்பவும் வாசிக்கும். மொபைல்ல இங்கிலீஷ் இருக்கு, லகாவூன்? போடட்டுமா?"

வேண்டாம் என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான் வாசித்தேன். எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் வாசித்தேன். ஷீபாவின் பிள்ளைகள் முதலில் நெளிந்தார்கள், பிறகு அடங்கிவிட்டார்கள். சாவில்லாத வீடு இல்லை என்ற இடம் வந்தபோது என் நாக்கு நின்றது. எழுத்து தெரியாமல் இல்லை. அந்த வசனம் தெரியாத ஆள் அந்த அறையில் ஒருவரும் இல்லை. ஷீபா கண்ணை மூடியிருந்தாள். கட்டில் பக்கம் யாரோ செருமியதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மீதியை வாசித்து முடித்தேன்.

அப்பத்தைப் பிட்டு முதல் துண்டை ஷீபாவுக்குக் கொடுத்தேன். இரண்டாவது துண்டை நான் வாயில் போட்டேன். கல் மாதிரி இல்லை. தேங்காயும் உப்புமாக, சாதாரணமாக இருந்தது. இறங்கியது. ஜெபராஜ் போன பிறகு நான் எடுத்த முதல் பஸ்கா அது. அதைப் பார்க்க வேண்டியவள் இல்லை.

அவளுடைய வேதப்புத்தகத்தை என்னை வைத்துக்கொள்ளச் சொன்னாள் ஷீபா. வேண்டாம், நீ எழுத்துப் படித்துக்கொள் என்று கொடுத்துவிட்டேன். சிலேட்டும் உடைந்துவிட்டது. எனக்கு லீலாபாயிடமிருந்து மிஞ்சியது ஒரு காது. அவளுக்கு ஒரு சாயங்காலம் கேட்டது, அதன் பிறகு அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இப்போது எனக்கும் அப்படித்தான்.

அவள் இருந்த அறையில் இப்போது ஒரு பீகார் குடும்பம் குடிவந்திருக்கிறது. பெயர்கூட இன்னும் தெரியாது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தகரத்துக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் அழுகிறாள். முதலில் பழைய சத்தம்தான் என்று நினைத்தேன். இல்லை, இது அவளுடையது. ஞானம்மாளும் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன். இப்போது போய்க் கதவைத் தட்ட வேண்டும்.